பத்து மணிக்குப் படுத்தும் பன்னிரண்டு வரை விழித்திருப்பவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தூக்கத்தைச் சுற்றியே இருந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம். முதல் பதில் கொஞ்சம் நீளம். பின்னால் வரும் சில பதில்களுக்கும் அதுதான் அடிப்படை என்பதால் தாண்டிப் போய்விடாதீர்கள்.

கேள்வி: வயது 41. அலுவலக வேலை. இரவு 10 மணிக்குப் படுத்தால் 12 மணி வரை தூக்கம் வருவதில்லை. காலை 6.30 வரை படுக்கையில் கிடந்தும் களைப்பு தீரவில்லை. சரி, இன்னும் சீக்கிரம் படுப்போம் என்று 9.30-க்கே படுத்துப் பார்த்தேன், மேலும் மோசமாகிவிட்டது. பாட்டு, மூச்சுப் பயிற்சி, புதுத் தலையணை எல்லாம் பார்த்தாயிற்று. வேறு என்ன செய்வது?

பதில்: முதலில், சீக்கிரம் படுப்பதை நிறுத்துங்கள். தூக்கம் வராததற்கு நீங்கள் கண்டுபிடித்த மருந்துதான் இப்போது நோயை வளர்த்துக்கொண்டிருக்கிறது.

தூக்கத்தைக் கொண்டுவருபவை இரண்டு. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் தூக்கப் பசி ஒன்று. உடலுக்குள் ஓடும் 24 மணி நேரக் கடிகாரம் மற்றொன்று. அலெக்சாண்டர் போர்பெலி என்ற ஆய்வாளர் 1982-இல் இந்த இரண்டையும் இணைத்துத் தந்த விளக்கத்தைத்தான் தூக்க மருத்துவம் இன்றும் பயன்படுத்துகிறது. நேரத்துக்கு முன்பே படுப்பவருக்கு இந்த இரண்டும் கைகொடுப்பதில்லை. பசி முழுதாகச் சேர்ந்திருக்காது. கடிகாரமோ, வழக்கமாகத் தூக்கம் வரும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் உடலை நன்றாக விழிப்பில் வைத்திருக்கும். அந்த நேரத்தில் போய்ப் படுத்துக்கொண்டு 'தூங்கு, தூங்கு' என்றால் எப்படித் தூங்கும்? மாதக்கணக்கில் இப்படிப் புரண்டால், படுக்கையைக் கண்டாலே விழித்துக்கொள்ள மூளை பழகிவிடுகிறது. சோபாவில் உட்கார்ந்தபடியே கண் செருகுபவருக்குப் படுக்கையறைக்குள் நுழைந்ததும் தூக்கம் போய்விடுவது அதனால்தான்.

செய்ய வேண்டியது இது. ஒரு வாரம் ஒரு தாளில் தினமும் காலையில் நான்கு விஷயம் எழுதுங்கள்: படுத்த நேரம், தோராயமாகத் தூங்கிய நேரம், இடையில் விழித்துக் கிடந்த நிமிடங்கள், எழுந்த நேரம். உத்தேசமாக எழுதினால் போதும். துல்லியத்துக்காக இரவில் மணி பார்க்கவே கூடாது. வார முடிவில் சராசரி போடுங்கள். பழைய கணக்குப்படி நீங்கள் 10 முதல் 6.30 வரை எட்டரை மணி நேரம் படுக்கையில் இருந்தும், தூங்கியது சுமார் 6 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். படுக்கை நேரத்தில் 71 சதவீதம்தான் தூக்கம். 85-க்கு மேல் இருந்தால் நல்லது.

இனி, தூங்கிய சராசரியோடு அரை மணி நேரம் சேர்த்தால் வரும் நேரம்தான் படுக்கைக்கு. உங்களுக்கு ஆறரை மணி நேரம். எழும் நேரத்தை 6.30 என்று ஆணி அடித்தது போல் வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினால், இரவு 12 மணிக்குத்தான் படுக்க வேண்டும். ஆம், 12 மணிக்கு. அதற்கு முன் தூக்கம் சொக்கினாலும் எழுந்து நடங்கள், பாத்திரம் கழுவுங்கள், துணி மடியுங்கள். சராசரி எவ்வளவு குறைவாக வந்தாலும் படுக்கை நேரத்தை ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள்.

ஒரு வாரம் கழித்து மறுபடி கணக்கு. 390 நிமிடம் படுத்து 350 நிமிடம் தூங்கியிருந்தால் 90 சதவீதம் வந்துவிட்டது. அடுத்த வாரம் 11.45-க்குப் படுக்கலாம். இப்படி வாரத்துக்கு 15 நிமிடம் முன்னே நகர்த்துங்கள். 80-க்குக் கீழே போனால் 15 நிமிடம் குறையுங்கள். இடைப்பட்டிருந்தால் அப்படியே விடுங்கள். பகலில் களைப்பில்லாமல் இருக்கும் அளவு கிடைத்ததும் நிறுத்திக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும் என்பது பொதுக் கணக்கு.

இதோடு இன்னொரு விதியும் உண்டு. படுத்துத் தூக்கம் வராமல் ஏறத்தாழ 20 நிமிடம் ஆகிவிட்டது என்று தோன்றினால், அல்லது எரிச்சல் தலைதூக்கினால், எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். மங்கலான விளக்கில், ஏற்கெனவே படித்த ஒரு புத்தகம். கண் இமை கனத்து, படித்த வரியையே திரும்பப் படிக்கும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். களைப்பும் தூக்கமும் ஒன்றல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். உடம்பு அசதியாக இருக்கும், ஆனால் மனது ஓடிக்கொண்டிருக்கும், அது களைப்பு. தலை தானாகச் சாய்ந்தால்தான் தூக்கம். களைப்போடு படுத்தால் மறுபடியும் புரளல்தான்.

எங்கே தவறும்? பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் நாளில். பகல் முழுக்கத் தூக்கம் தள்ளும். 'இன்று மட்டும்' என்று பத்து மணிக்குப் படுப்பார்கள், அல்லது ஞாயிறன்று ஒன்பது மணி வரை தூங்குவார்கள். சேர்த்து வைத்த தூக்கப் பசி அதோடு செலவாகிவிடும். திங்களன்று மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மாலையில் தொலைக்காட்சி முன் இருபது நிமிடம் கண்ணயர்வதும் இதே கெடுதலைச் செய்யும். முதல் இரண்டு வாரம் சிரமமாகத்தான் இருக்கும். அந்த நாள்களில் நீண்ட தூரம் வண்டி ஓட்டாதீர்கள்.

வலிப்பு நோய், இருதுருவ மனநோய், மூச்சுத் தடையுடன் கூடிய குறட்டை உள்ளவர்கள் இந்த நேரக் குறைப்பைத் தாங்களாகச் செய்யக் கூடாது. தூக்கக் குறைவே அந்த நோய்களைத் தூண்டிவிடும் அல்லது மோசமாக்கும். மற்றவர்களுக்கு, வாரத்தில் மூன்று இரவாவது மூன்று மாதமாக இப்படி இருந்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. அதற்கு மாத்திரைக்கு முன் இந்த வகை நடத்தைச் சிகிச்சையைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. மருத்துவரிடம் போகும்போது அந்த ஒரு வாரத் தாளையும் எடுத்துப் போங்கள். 'சரியாகத் தூக்கமே இல்லை டாக்டர்' என்ற ஒரு வரியைவிட அது அவருக்கு அதிகம் சொல்லும்.

கேள்வி: மாலை 5 மணிக்குக் காபி குடித்தாலும் படுத்ததும் தூங்கிவிடுகிறேன். என்னைப் போன்றவர்களும் மாலைக் காபியை விட வேண்டுமா?

பதில்: படுத்ததும் தூங்குவது பாதிக் கணக்குதான். நாம் விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. மேலே சொன்ன தூக்கப் பசியின் முக்கியப் பங்கு அதனுடையது. காபியிலுள்ள காஃபீன் அதைக் கரைப்பதில்லை. அடினோசின் உட்கார வேண்டிய நாற்காலிகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உடலிலுள்ள காஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். ஒரு கோப்பையில் 100 மில்லிகிராம் என்று வைத்தால், 5 மணிக்குக் குடித்ததில் 50 மில்லிகிராம் இரவு 10 மணிக்கும் உள்ளே இருக்கிறது. அது தூங்கவிடும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்தைக் குறைக்கும். தூங்கியவருக்கு அது தெரியாது. காலையில் எழுந்ததும் இன்னொரு கோப்பை கேட்கும்போதுதான் தெரியும், அதுவும் அவருக்கில்லை, வீட்டில் இருப்பவர்களுக்கு.

ஆளுக்கு ஆள் இந்த 5 மணி நேரம் மாறும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்காகும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இன்னும் நீளும். கர்ப்பிணிகளுக்கு நாளுக்கு 200 மில்லிகிராம் என்ற வரம்பு சொல்லப்படுகிறது. மற்ற பெரியவர்களுக்கு 400. புகைப்பவர்களின் கல்லீரல் காஃபீனை வேகமாக வெளியேற்றும். அதனால் புகையை நிறுத்தும் வாரத்தில் அதே மூன்று கோப்பை திடீரென்று படபடப்பைத் தரும். பலர் அதைப் புகை நிறுத்தியதன் கோளாறு என்று நினைத்து மறுபடி பற்றவைத்துவிடுகிறார்கள். நிறுத்தும் அன்றே காபியையும் பாதியாக்குங்கள்.

உங்களுக்கான சோதனை எளிது. இரண்டு வாரம் கடைசிக் கோப்பையைப் பகல் 12 மணிக்கு முன் முடியுங்கள். எழும்போது இருக்கும் தெளிவில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் தாராளமாக மாலைக் காபிக்குத் திரும்புங்கள். தினமும் நான்கைந்து கோப்பை குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கி, முதல் இரண்டு நாள் உச்சத்தில் இருக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை அரைக் கோப்பை என்று குறைத்தால் அது வராது. டீயில் பொதுவாகக் காபியில் பாதிக்கும் குறைவு. ஆனால் பெரிய குவளையில் கெட்டியாகக் குடித்துவிட்டு 'டீதானே' என்று சொல்லக் கூடாது.

கேள்வி: கைபேசியில் நீல ஒளி வடிகட்டி போட்டிருக்கிறேன். அது போதுமா?

பதில்: போதாது. திரையின் நிறத்தைவிட, திரையில் ஓடுவதுதான் உங்களை விழிக்க வைக்கிறது. வடிகட்டி போட்டுக்கொண்டு யாருடனோ வாக்குவாதம் செய்தால் வாக்குவாதம் மஞ்சளாகத் தெரியும், அவ்வளவுதான்.

ஒளி முக்கியமில்லை என்று அர்த்தமில்லை. கண்ணின் விழித்திரையில் பார்வைக்கென்று இல்லாமல், பகலா இரவா என்று உடல் கடிகாரத்துக்குச் சொல்லவே தனி உயிரணுக்கள் இருக்கின்றன. சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு அவை அதிகம் எதிர்வினை காட்டும். அந்தக் கணக்கில் பார்த்தால், நிறுத்த வேண்டிய முதல் விளக்கு பெரும்பாலும் தலைக்கு மேலே எரியும் வெள்ளை விளக்குதான். படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு அதை அணைத்துவிட்டு, கண் மட்டத்துக்குக் கீழே இருக்கும் மஞ்சள் விளக்கு ஒன்றைப் போடுங்கள்.

அதைவிடப் பலன் தருவது காலை வெளிச்சம். வீட்டுக்குள் பளிச்சென்று இருக்கிறது என்று நாம் நினைக்கும் அறையில் 100 முதல் 500 லக்ஸ்தான் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். மேகம் மூடிய பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20 நிமிடம் வெளியே நில்லுங்கள். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே நிற்பது அதற்கு ஈடாகாது. காலையில் விழும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது; அன்றிரவு தூக்கம் கொஞ்சம் முன்னதாக வரும். இரவில் விழும் வெளிச்சம் அதைப் பின்னே தள்ளுகிறது.

கைபேசியை என்ன செய்வது? படுக்கையறைக்கு வெளியே மின்னேற்றுங்கள். 'அலாரம் அதில்தானே' என்பீர்கள். ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்கி, முகப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். நடு இரவில் மணி 2.40 என்று தெரிந்து யாருக்கும் நன்மை விளைந்ததில்லை.

கேள்வி: வயது 68. இரவில் மூன்று முறையாவது சிறுநீர் கழிக்க எழுகிறேன். மாலை 6 மணிக்குப் பிறகு தண்ணீரே குடிப்பதில்லை. ஆனாலும் குறையவில்லை. வயதானால் இப்படித்தானா?

பதில்: வயதின் மேல் பழி போடுவதற்கு முன் அளந்து பாருங்கள். அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கழிவறையில் வைத்து, மூன்று நாள் ஒவ்வொரு முறையும் நேரத்தையும் மில்லிலிட்டரையும் குறியுங்கள். படுத்த பிறகு கழித்தவை எல்லாமும், காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரும் இரவுக் கணக்கு. இந்தக் காலைச் சிறுநீரைத்தான் எல்லோரும் பகல் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். 24 மணி நேர அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவுக் கணக்கில் வந்தால், உங்கள் உடல் இரவில் சிறுநீரை அதிகம் உற்பத்தி செய்கிறது என்று பொருள். இரவு அளவு சாதாரணமாக இருந்து, ஒவ்வொரு முறையும் 100 மில்லிலிட்டர் போலக் கொஞ்சமாக வந்தால், சிக்கல் சிறுநீர்ப்பையிலோ, ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியிலோ இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

முதல் வகைக்கு ஒரு பொதுக் காரணம் கால் வீக்கம். மாலையில் காலுறையைக் கழற்றினால் தோலில் பட்டை பதிந்திருக்கிறதா? கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது விரலால் பத்து விநாடி அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா? பகலில் காலில் தேங்கிய அந்த நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீரகத்துக்குப் போகிறது. மாலை 6 மணிக்குப் பிறகு நீங்கள் குடிக்காமல் இருந்து என்ன பயன், பகலில் குடித்தது காலில் காத்திருக்கிறதே! பிற்பகலில் ஒரு மணி நேரம், கால்கள் நெஞ்சு மட்டத்துக்கு உயரும்படி தலையணைகள் மேல் வைத்துப் படுங்கள். தூங்க வேண்டாம். அந்த நீர் படுக்கும் நேரத்துக்கு முன்பே வெளியேறிவிடும். இரவு உணவில் உப்பைக் குறைப்பதும் உதவும். தண்ணீரை முழுக்க நிறுத்த வேண்டியதில்லை; படுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் தொண்டை நனையும் அளவுக்குக் குறைத்தால் போதும்.

ரத்த அழுத்தத்துக்கு நீர் வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. சாப்பிட்டால், எந்த நேரத்தில் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். நேரத்தை மாற்றுவதாலேயே தீர்ந்த ஆள்கள் உண்டு. கால் வீக்கம் புதிதாக வந்திருந்தாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, தாகம் அதிகமாக இருந்தாலோ காத்திருக்க வேண்டாம். இதயம், சிறுநீரகம், சர்க்கரை மூன்றையும் பார்க்க வேண்டும். அதுவரை, கட்டிலுக்கும் கழிவறைக்கும் இடையே தரை மட்டத்தில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். எழுந்ததும் நடக்காமல் கட்டில் ஓரத்தில் அரை நிமிடம் உட்காருங்கள். இரவில் விழுந்து இடுப்பு எலும்பு முறிவது இந்த வயதில் தூக்கம் கெடுவதைவிடப் பெரிய விஷயம்.

கேள்வி: என் கணவர் பலமாகக் குறட்டை விடுகிறார். நடுவில் சில விநாடிகள் சத்தமே இல்லை. பிறகு திணறி மூச்சு வாங்குகிறார். நன்றாகத் தூங்கியதாகவே அவர் சொல்கிறார்.

பதில்: பழக்கத்தை மாற்றிப் பார்த்துக் காலம் கடத்தும் விஷயமில்லை இது. நீங்கள் விவரிப்பது தூக்கத்தில் மூச்சுத்தடை. தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுக்குழாயை மூடிவிடுகின்றன, ஆக்சிஜன் குறைகிறது, மூளை ஒரு நொடி எழுப்பி மூச்சு வாங்க வைக்கிறது. மணிக்கு 30 முறை இப்படி நடந்தாலும் அவருக்கு நினைவிருக்காது. ஒரு மணி நேரத்துக்கு 5 முறைக்கு மேல் என்றால் கவனிக்க வேண்டியது; 15-க்கு மேல் நடுத்தரம்; 30-க்கு மேல் கடுமை. காலைத் தலைவலி, பகல் தூக்கம், கட்டுப்படாத ரத்த அழுத்தம், 40 செ.மீ.-க்கு மேல் கழுத்துச் சுற்றளவு ஆகியவை இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

இன்றிரவே அவர் மல்லாந்து தூங்கும்போது ஐந்து நிமிடம் கைபேசியில் பதிவு செய்யுங்கள். அவர் நம்பவும் மருத்துவர் புரிந்துகொள்ளவும் அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை. தூக்கப் பரிசோதனைக்கு நாள் கிடைக்கும் வரை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். இரண்டும் அந்தத் தசைகளை இன்னும் தளர்த்தும். முகமூடி வழியே காற்றழுத்தம் கொடுக்கும் கருவி பலருக்குப் பரிந்துரைக்கப்படும். 1981-இல் காலின் சல்லிவன் ஆஸ்திரேலியாவில் அதை அறிமுகம் செய்தார். முதல் சில வாரம் முகமூடியைப் பிடுங்கி எறியாதவர் குறைவு. அளவு சரியில்லாத முகமூடியும், காற்று ஈரமாக்கி இல்லாததால் வரும் மூக்கு வறட்சியுமே பெரும்பாலும் காரணம்; இரண்டையும் மாற்றித் தரச் சொல்லலாம்.

கேள்வி: நடைப்பயிற்சி, தண்ணீர், சீக்கிரம் எழுவது, தியானம் என்று எட்டு நல்ல பழக்கங்களைப் பட்டியல் போட்டு ஆரம்பித்தேன். 21 நாள் தாண்டினால் பழகிவிடும் என்றார்கள். பத்தாம் நாளே எல்லாம் போய்விட்டது. எனக்கு மன உறுதி இல்லையா?

பதில்: எட்டு என்பதுதான் தவறு. உறுதிக்கு இதில் வேலையே இல்லை.

21 நாள் கணக்கும் ஒரு வாய்வழிச் செய்தி போலப் பரவியதுதான். 1960-இல் ஒரு பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், தம் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று எழுதினார். 'குறைந்தது' உதிர்ந்து '21 நாள்' மட்டும் நின்றது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒரு செயல் தன்னிச்சையாக நடக்கும் நிலைக்கு வர நடுவாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 முதல் 254 நாள் வரை போனது. ஒரு நாள் விட்டுப்போனது பழக்கத்தைப் பெரிதாகக் கெடுக்கவில்லை என்பது அதே ஆய்வின் இன்னொரு முடிவு. இதைச் சொல்பவர் குறைவு.

ஒன்றை மட்டும் எடுங்கள். ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு செயலின் வாலில் அதைக் கட்டுங்கள். 'தினமும் நடப்பேன்' என்பதற்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை. 'இரவு சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும் செருப்பு மாட்டுவேன்' என்பதில் இரண்டும் இருக்கிறது. கவனியுங்கள், உறுதிமொழி செருப்போடு முடிகிறது. மாட்டியவர் பெரும்பாலும் வாசலைத் தாண்டுவார். தாண்டாத அன்றும் பழக்கம் அறுபடவில்லை.

சாப்பிட்ட பிறகான நடையையே உதாரணத்துக்கு எடுத்ததற்குக் காரணம் உண்டு. உணவுக்குப் பின் ரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் கால் தசைகள் வேலை செய்தால், இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே அவை சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்கின்றன. அதனால் சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள், பேசிக்கொண்டே போகும் வேகத்தில் 10 முதல் 15 நிமிடம் போதும். அதே 15 நிமிடத்தை இரண்டு மணி நேரம் கழித்து நடந்தால் இந்தப் பலன் பெரும்பாலும் கிடைக்காது. இன்சுலின் போடுபவர்கள் மட்டும் சர்க்கரை அதிகம் இறங்காமல் முதல் சில நாள் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் அடி என்ற கணக்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயர்; மருத்துவர் யாரும் அளந்து சொன்னதில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். சாப்பாட்டுக்குப் பின் இரு வேளை 12 நிமிடம் நடந்தால், வேகத்தைக் கொஞ்சம் கூட்டும் நிலையில், வாரத்துக்கு 168 நிமிடம் ஆகிவிடுகிறது.

அது தானாக நடக்கத் தொடங்கிய பிறகு இரண்டாவது பழக்கம். மூன்றாவதைப் பற்றி அடுத்த வருடம் யோசியுங்கள்.

கேள்வி: வாரம் முழுக்க இரவுப் பணி, இரவு 10 முதல் காலை 6 வரை. பகலில் நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்க முடியவில்லை.

பதில்: பகலில் உடல் கடிகாரம் உங்களுக்கு எதிராக ஓடுகிறது, முழுதாக வெல்ல முடியாது, குறைக்கலாம். பணிக்குக் கிளம்பும் முன் மாலையில் ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். காபி, டீ எல்லாம் பணியின் முதல் பாதியில், இரவு 2 மணிக்கு முன் முடியட்டும். வீடு திரும்பும்போது காலை வெயில் கண்ணில் படாமல் கறுப்புக் கண்ணாடி போடுங்கள். ஆனால் நீங்களே வண்டி ஓட்டுவதாக இருந்து தூக்கம் சொக்கினால், கண்ணாடி மட்டுமில்லை, வண்டியும் வேண்டாம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் கவனத்துக்குச் சமமாக இறங்கிவிடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் உடனே படுங்கள். 'பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு' என்று ஒன்பது மணி வரை இழுத்தால் கடிகாரத்தின் காலை ஏற்றம் தொடங்கிவிடும். அறை, கை நீட்டினால் விரல் தெரியாத அளவு இருட்டாக வேண்டும். திரைச்சீலைக்கு மேல் ஒளி கசியும் இடைவெளியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். விடுமுறை நாளில் முழுக்க இரவுத் தூக்கத்துக்குத் தாவாமல், விடிகாலை 3 முதல் 11 வரை என்று நடுவில் ஒரு நேரம் வைத்துக்கொண்டால், பணி நாளின் தூக்கமும் விடுமுறைத் தூக்கமும் சில மணி நேரமாவது ஒன்றன் மேல் ஒன்று விழும். அந்தப் பொது நேரம்தான் உடலுக்கு நங்கூரம்.

இனி, சுருக்கமான பதில் போதுமான கேள்விகள்.

மதியத் தூக்கம் நல்லதா?
இரவில் நன்றாகத் தூங்குபவருக்கு நல்லது. 20 நிமிடம், பிற்பகல் 3 மணிக்குள். அரை மணி தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ நேரும். தலை கனத்து, கால் மணி நேரமாவது யார் என்ன பேசினாலும் ஏறாது. இரவில் தூக்கமில்லாதவருக்கு மதியத் தூக்கம் கடன் மேல் கடன்.

கைக்கடிகாரம் எனக்கு ஆழ்ந்த தூக்கம் 40 நிமிடம்தான் என்கிறது. பயமாக இருக்கிறது.
தூக்கத்தின் நிலைகளை மூளை மின்னலைகளை வைத்துத்தான் சரியாகச் சொல்ல முடியும். மணிக்கட்டுக் கருவி அசைவையும் நாடித் துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. படுத்த நேரம், எழுந்த நேரம் தெரிந்துகொள்ள அது போதும். இந்த எண்களைப் பார்த்துப் பார்த்தே தூக்கம் கெடுபவர்களுக்கு 2017 முதல் ஆய்வாளர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஒரு மாதம் கழற்றி வையுங்கள்.

படுக்கும் முன் வெந்நீரில் குளித்தால் தூக்கம் வருமா?
வரும், படுக்கும் முன் என்பதை ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன் என்று மாற்றினால். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய இதமான சூட்டில் 10 நிமிடம். கை கால் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து உள்வெப்பத்தை வெளியேற்றும்; உடலின் உள்சூடு இறங்குவதுதான் தூக்கத்துக்கான அறிகுறி. குளித்த கையோடு படுத்தால் இன்னும் சூடாகவே இருப்பீர்கள். குளிக்க முடியாதவர் கணுக்கால் மூழ்கக் கால் வைத்தாலும் பலனுண்டு. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் சூட்டை முழங்கையால் பார்த்த பிறகே கால் வைக்க வேண்டும்.

விளக்கணைத்ததும் நாளைய வேலைகள் வரிசையாக நினைவுக்கு வருகின்றன.
படுக்கைக்குப் போகும் முன் 5 நிமிடம் அவற்றைத் தாளில் எழுதுங்கள். முடித்த வேலைகளை வேண்டாம், முடிக்காதவற்றை. 2018-இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில் இப்படி எழுதியவர்கள், முடித்ததை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள். 'வீட்டு வேலை' என்று பொதுவாக எழுதாமல், யாரிடம், எத்தனை மணிக்கு, என்ன என்று எழுதுங்கள்; விவரம் கூடக்கூடப் பலனும் கூடியது.

படுத்ததும் காலில் ஏதோ ஊர்வது போல இருக்கிறது. எழுந்து நடந்தால் சரியாகிறது.
இரும்புச் சத்தைப் பாருங்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து 'நார்மல்' என்று திரும்பாதீர்கள்; உடலிலுள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் கேளுங்கள். ஓய்வில்லாக் கால் நோய் என்னும் இந்தத் தொல்லையில் அது ஒரு மில்லிலிட்டருக்கு 75 நானோகிராமுக்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுப்பது வழக்கம், ரத்தசோகை இல்லாவிட்டாலும். மாலைக் காபியும் சில சளி, ஒவ்வாமை மாத்திரைகளும் இதை மோசமாக்கும்.

தூக்கம் வராவிட்டால் அந்தச் சளி மாத்திரையையே போட்டுக்கொள்கிறேன். மயக்கம் தருகிறதே?
தருகிறது, மூன்று நான்கு நாளில் அந்த மயக்கத்துக்கு உடல் பழகிவிடும், வாய் வறட்சியும் மலச்சிக்கலும் மட்டும் மிஞ்சும். 65 வயது தாண்டியவர்களுக்கு மனக் குழப்பமும் சிறுநீர்த் தடையும் சேர்ந்து வரலாம். வீட்டிலுள்ள பெரியவர் சளி பிடித்த வாரத்தில் திடீரென்று தடுமாறிப் பேசினால், முதலில் அவர் தலைமாட்டிலிருக்கும் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள்.

இரவு நெஞ்செரிச்சலுக்கு மூன்று தலையணை வைத்தும் குறையவில்லை.
தலையணைகள் உங்களை வயிற்றில் மடிக்கின்றன. இரைப்பை நசுங்கி அமிலம் இன்னும் மேலே ஏறும். இடுப்பு மடியாமல் உடல் முழுதும் சரிவாக இருக்க வேண்டும். கட்டிலின் தலைப்பக்கக் கால்கள் இரண்டுக்கும் கீழே 15 முதல் 20 செ.மீ. உயர மரக்கட்டை வையுங்கள். கட்டையின் நடுவில் கால் பொருந்தும் பள்ளம் இருந்தால் கட்டில் நழுவாது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். அப்போது இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே தொங்கும். கடைசி உணவுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேர இடைவெளி விடுங்கள். முதலிரண்டு இரவு கால்மாட்டுப் பக்கம் வழுக்குவதாகத் தோன்றும். வழவழப்பில்லாத பருத்தி விரிப்புக்கு மாற்றினால் நின்றுவிடும்.